ட்ரிக்கிள் என்றால் வெறும் கசிவா?

மெதுவாக ஓடுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள். கெட்டியாக, பிசுபிசுவென்று வெளியே வந்தால் 'ஊஸ்'. மண்ணிலோ சுவரிலோ கண்ணுக்குத் தெரியாமல் இறங்கினால் 'சீப்'. துளித்துளியாக விழுந்தால் 'ட்ரிப்'. மெல்லிய நூல் மாதிரி, விட்டும் விடாமலும் வழிந்தால் 'ட்ரிக்கிள்'. அவசரத்துக்கு எல்லாவற்றையும் 'கசிவு' என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தக் கடைசிச் சொல்லில் அப்படிச் செய்தால் அர்த்தமே மாறிவிடும்.

பழைய சொல் இது. 14ஆம் நூற்றாண்டில் சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் கண்ணீர் வழிவதற்கு இது வருகிறது. இன்றும் கண்ணீர், வியர்வை, ரத்தம் மூன்றுக்கும் பொருந்தும். கூட்டம் ஒரேயடியாக வராமல் இரண்டு மூன்று பேராக வந்து சேர்ந்தாலும், தேர்தல் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தாலும் அதுவும் 'ட்ரிக்கிள்' ஆவதுதான்.

பொறியியல்காரர்களுக்கு இது நல்ல சொல். சும்மா கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழக்கும். அதை ஈடுகட்ட மிகச் சிறிய மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது ட்ரிக்கிள் சார்ஜிங். (செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு இது ஆகாது, நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும்.) கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ட்ரிக்கிளிங் ஃபில்டரில் கல் படுக்கையின் மேல் கழிவுநீரைத் தெளிப்பார்கள். கற்களில் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். நீர் வேகமாக ஓடினால் அவற்றுக்கு நேரம் போதாது. ஆக, இங்கெல்லாம் மெதுவாக வருவது குறை இல்லை. எவ்வளவு வர வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

பொருளாதாரத்தில் இதே சொல் வேறு வேலை செய்கிறது. பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்தால் அவர்கள் முதலீடு செய்வார்கள், பலன் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் என்பதற்கு 'ட்ரிக்கிள் டவுன்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர் பெரும்பாலும் எதிர்ப்பவர்கள் வாயிலிருந்துதான் வரும். 1896ல் சிகாகோவில் பிரையன் பேசியபோது இதே கருத்தைத் தாக்கினார்; அவர் பயன்படுத்தியது 'லீக்' என்ற சொல். 1932ல் நகைச்சுவை எழுத்தாளர் வில் ரோஜர்ஸ், இன்ஜினியரான அதிபர் ஹூவருக்குத் தண்ணீர் கீழே இறங்கும் என்று தெரியும், பணம் மேலே ஏறும் என்று தெரியவில்லை என்ற பொருளில் கிண்டலடித்தார். 1981ல் ரீகனின் பட்ஜெட் இயக்குநர் டேவிட் ஸ்டாக்மேன், தங்கள் கொள்கையும் ட்ரிக்கிள் டவுன்தான் என்று பத்திரிகைப் பேட்டியில் சொல்லி மாட்டிக்கொண்டார். தாமஸ் சோவல் 2012ல் எழுதியதோ, இப்படி ஒரு கோட்பாட்டை எந்தப் பொருளாதார அறிஞரும் முன்வைத்ததே இல்லை என்பது!

பெயரை விட்டுவிடுவோம், பலன் இறங்குகிறதா? 2015ல் ஐ.எம்.எஃப். ஆய்வறிக்கை ஒன்று பல நாடுகளின் கணக்கைப் பார்த்தது. வருமானத்தில் மேல்தட்டு 20 சதவீதத்தினரின் பங்கு 1 புள்ளி கூடினால், அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சி 0.08 புள்ளி குறைகிறது. கீழ்த்தட்டு 20 சதவீதத்தினரின் பங்கு 1 புள்ளி கூடினால் வளர்ச்சி 0.38 புள்ளி கூடுகிறது. ஒரே ஒரு ஆய்வுதான். ஆனால் சோவலின் பதிலை விட இது கனமாக இருக்கிறது.

இப்போது மொழிபெயர்ப்புக்கு வரலாம். 2013ல் போப் பிரான்சிஸ் இந்தக் கோட்பாட்டைக் கண்டித்தபோது ஆங்கில வடிவத்தில் 'ட்ரிக்கிள் டவுன்' என்று இருந்தது. ஸ்பானிஷில் இருந்த சொல் 'தெர்ராமே', அதாவது நிரம்பி வழிதல். இரண்டும் ஒன்றில்லை. ட்ரிக்கிள் என்றால் கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும். நிரம்பி வழிய வேண்டுமென்றால் மேலே இருக்கும் பாத்திரம் முதலில் நிரம்ப வேண்டும், அதுவரை கீழே எதுவும் வராது. தமிழில் 'கசிவு' என்று போட்டால் எங்கோ ஓட்டை, யாருக்கோ நஷ்டம் என்றாகிவிடும். 'சொட்டு' என்றால் சொட்டு நீர்ப் பாசனம் நினைவுக்கு வரும். அங்கே ஒவ்வொரு செடிக்கும் அளந்து விடுகிறார்கள், அந்தப் பெருமை இந்தக் கொள்கைக்குச் சேரக் கூடாது. 'வழிதல்' பரவாயில்லை. எப்போது வழியும் என்று படிப்பவர் கேட்க அதில் இடமிருக்கிறது.