மீட்டருக்குள் ஓடும் கடிகாரம்: 10 நிமிடம் தவறினால் யாருக்கு நஷ்டம்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் உயரழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஒரு மில்லோ பவுண்டரியோ, மாலை 5.59-க்கு இழுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை. 6.00 மணிக்கு இழுக்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் விலை. இந்த ‘பீக் ஹவர்’ இரவு 10 மணிக்கு முடிகிறது. அதன்பின் அதிகாலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. காலையிலும் இதேபோல நான்கு மணி நேரம் உச்சநேரக் கட்டணம் உண்டு.

சரி, மணி 6 ஆகிவிட்டது என்று யார் முடிவு செய்வது? அலுவலகச் சுவரில் மாட்டிய கடிகாரம் இல்லை. முதலாளியின் செல்போனும் இல்லை. மீட்டருக்குள் இருக்கும் சின்னதொரு சிப்பும், அதற்கென்று எழுதப்பட்ட நிரலும்தான். யூனிட்டை மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று சந்தேகம் வந்தால் உடனே புகார் கொடுக்கிறோம். நேரத்தைச் சரியாக எண்ணுகிறதா என்று கேட்கத் தோன்றுவதில்லை. இனிமேல் கேட்டாக வேண்டும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

தமிழகத்தில் 2022 செப்டம்பரில் மின் கட்டணம் திருத்தப்பட்டபோது, தாழ்வழுத்த இணைப்பில் இயங்கும் சிறு தொழில்களும் பீக் ஹவர் கட்டணத்துக்குள் வந்தன. ஆனால், எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று பிரித்துப் பதியும் டி.ஓ.டி. மீட்டர் அந்த இணைப்புகளில் பரவலாக இல்லை. ‘நேரத்தைப் பார்க்காத மீட்டரை வைத்துக்கொண்டு நேரத்துக்கு எப்படிக் காசு கேட்கிறீர்கள்?’ என்பதுதான் தொழில்முனைவோரின் கேள்வி. 2023 செப்டம்பர் 25-ம் தேதி மாநிலம் முழுவதும் குறு, சிறு தொழில் அமைப்புகள் ஒருநாள் கதவடைப்பு நடத்தியபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. பிறகு, டி.ஓ.டி. மீட்டர் பொருத்தும் வரை இந்தக் கூடுதல் கட்டணம் 25-லிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மத்திய அரசும் 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட்டுக்கு மேல் உச்சத் தேவை உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1-க்குள்ளும், விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1-க்குள்ளும் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இடத்தில் பொருத்திய உடனேயே வரவேண்டும். ஆக, இன்று மில்லுக்கு உள்ள பிரச்சினை நாளை வீட்டுக்கும் வரலாம்.

கவனமாக இருப்பவருக்கே நஷ்டம்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 கிலோவாட் இழுக்கும் இண்டக்‌ஷன் உலை. முதலாளி விவரமானவர். பீக் ஹவரைத் தவிர்க்க, மாலை சரியாக 6 மணிக்கு உலையை நிறுத்திவிட்டு, இரவு 10-க்குத் திரும்பப் போடுகிறார். மீட்டர் கடிகாரம் 10 நிமிடம் முந்தி ஓடினால் என்ன ஆகும்? 5.50-லிருந்து 6 வரை ஓடிய மின்சாரம் உச்சநேரக் கணக்கில் விழும். ஒரு நாளைக்கு சுமார் 83 யூனிட். மாதம் 25 வேலை நாள் என்றால் 2,083 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 சதவீத மேல்கட்டணம் மாதம் சுமார் 3,900 ரூபாய். வருடத்துக்கு 47 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

சரி, கடிகாரம் 10 நிமிடம் பிந்தி ஓடினால் லாபமா? அதுவும் இல்லை. மாலையில் தப்பித்துவிடுவார். ஆனால் இரவு 10 மணிக்கு உலையைப் போடும்போது மீட்டரில் மணி 9.50. அந்தப் பத்து நிமிடம் மறுபடி உச்சநேரம். முந்தினாலும் பிந்தினாலும் அடி அவருக்குத்தான்.

நாள் முழுக்க ஒரே சீராக ஓட்டும் ஆலைக்கு இது பெரிதாகத் தெரியாது. ஒரு முனையில் கூடுவது மறுமுனையில் கழிந்துவிடும். நேரம் பார்த்து ஓட்டுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். அப்படி நேரம் பார்த்து ஓட்டச் செய்வதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான் இந்தக் கட்டண முறை.

காற்றாலை வைத்திருக்கும் மில்களுக்கு இன்னொரு சிக்கல். உடுமலை, பல்லடம் பக்கம் சுற்றும் காற்றாலையின் உற்பத்தியை ஆலையின் நுகர்வோடு நேரப்பிரிவு வாரியாகத்தான் ஈடுகட்டுகிறார்கள். உற்பத்தியை ஒரு மீட்டர் எண்ணுகிறது, நுகர்வை இன்னொரு மீட்டர் எண்ணுகிறது. இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் உச்சநேரத்தில் விளைந்த யூனிட் சாதாரண நேரக் கணக்குக்குப் போய்விடலாம்.

கடிகாரம் ஏன் தவறுகிறது?

மீட்டர் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி. கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதே வகைதான்.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது சகஜம். கேட்பதற்குச் சின்னதுதான். நாளைக்கு 1.7 நொடி, வருடத்துக்குப் பத்து நிமிடம். வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படிகங்கள் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயில் படும் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் 55 டிகிரி என்றால், அந்த நேரம் முழுக்க நாளுக்கு 2.6 நொடி வீதம் பிந்தும். நல்ல மீட்டர்களில் வெப்பத்தை அளந்து திருத்தும் வசதி உண்டு. ஸ்மார்ட் மீட்டரில் தலைமைக் கணினியிலிருந்து அவ்வப்போது நேரத்தைச் சரிசெய்யவும் முடியும். திருத்தம் நடக்கிறதா, எப்போது நடந்தது என்பதுதான் கேள்வி.

நிரல் தவறும் இடங்கள்

படிகம் சரியாக இருந்தாலும் போதாது. அந்த எண்ணிக்கையை ‘மாலை 6 மணி’ என்று மாற்றுவது நிரல். மீட்டர் மட்டுமல்ல, கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர், நூற்பு இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகை, டைமர் என்று மைக்ரோகண்ட்ரோலர் வைத்துச் செய்யும் எல்லோருக்கும் இது பொருந்தும். அடிக்கடி சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, எண்ணை எழுதும் விதம். நேரம் காட்டும் பல சிப்புகள் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாக நான்கு பிட்டில் வைக்கின்றன. 18 மணி என்றால் ஒன்றும் எட்டும் அடுத்தடுத்து இருக்கும். அதை மாற்றாமல் நேரடி இரும எண்ணாகப் படித்தால் 24 என்று வரும். காலை 9 மணி வரை எல்லாம் சரியாகவே தெரியும், 10 மணிக்குத்தான் குட்டு உடையும். காலையில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால் கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டு, படிக்கும் வரிசை. மணி ஒரு ரிஜிஸ்டரில், நிமிடம் இன்னொன்றில். 5.59.59-க்கு மணியைப் படித்து 5 என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கணம் நிமிடத்தைப் படிப்பதற்குள் 6.00 ஆகிவிட்டால், நிரலுக்குக் கிடைப்பது 5.00. வரிசையை மாற்றி நிமிடத்தை முதலில் படித்தால் 6.59. கட்டணம் மாறும் எல்லையிலேயே இந்தப் பிசகு உட்கார்ந்திருக்கிறது. ஒரே மூச்சில் மொத்தத்தையும் படிக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு முறை படித்து ஒத்துப்பார்க்க வேண்டும்.

மூன்று, எண்ணிக்கை நிரம்பி வழிவது. மில்லி நொடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இது தெரியவே தெரியாது. போர்டு ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணத் தொடங்கும். மின்தடை இல்லாத நல்ல இடத்தில்தான் ஐம்பதாவது நாள் வந்து மோட்டார் எதிர்பாராமல் நிற்கும். ‘இப்போது’, ‘அப்போது’ என்ற இரண்டு எண்களையும் பெரிது சிறிது என்று ஒப்பிடாமல், குறியில்லா எண்களாகக் கழித்து வரும் இடைவெளியைப் பார்த்தால் இந்தச் சிக்கல் வராது.

இதன் பெரிய அண்ணன்தான் 2038 பிரச்சினை. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணுவது கணினி வழக்கம். அதைக் குறியுடன் கூடிய 32 பிட்டில் வைத்தால் 2,147,483,647 வரைதான் இடம். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8.44.07-க்கு அது நிரம்பும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இன்னும் நாள் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இன்று வாங்கும் ஒரு ஆலை இயந்திரம் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். 64 பிட்டுக்கு மாறுவதற்கு ஆகும் செலவு கூடுதலாக நான்கே பைட்.

ஐந்தரை மணி நேரத்தை எங்கே கூட்டுவது?

இந்திய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி, அதாவது 19,800 நொடி முந்தியது. கோடைக்கால நேரமாற்றமும் இங்கே இல்லை. அதனால் அந்த எண்ணை நிரலின் நடுவிலேயே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. உள்ளூருக்கு ஓடும், வெளியூருக்குப் போனால் சிக்கும். இலங்கை 1996-ல் இரண்டு முறை நேரத்தை மாற்றி, 2006-ல் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. வங்கதேசம் 2009-ல் சில மாதங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. எகிப்து 2023-ல் கோடைக்கால நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நம் இயந்திரங்கள் போகும் நாடுகள் இப்படித்தான் இருக்கும்.

மீட்டர்கள் பேசும் டி.எல்.எம்.எஸ். மொழியில் தேதியும் நேரமும் 12 பைட்டில் போகிறது. அதில் பொதுநேரத்திலிருந்து எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதற்குத் தனி இடமே உண்டு. நமக்கு 330 நிமிடம். அது கூட்டலா கழித்தலா என்பதை மீட்டர் செய்தவரும் தலைமைக் கணினிக்கு நிரல் எழுதியவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டால், பிசகு ஐந்தரை மணி அல்ல, 11 மணி. மாலை உச்சநேரம் காலைக்குப் போய்விடும். ஆகவே, உள்ளே சேமிப்பது எப்போதும் பொதுநேரம், திரையில் காட்டும்போதும் கட்டணப் பிரிவைப் பார்க்கும்போதும் மட்டும் இந்திய நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். கணினி அமைப்புகளின் கடிகாரத்தை அந்த ஆய்வகம் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. சட்ட, வணிக, நிர்வாகக் காரியங்கள் அனைத்துக்கும் இந்திய நேரமே ஒரே அளவுகோல் என்னும் எடையளவுச் சட்ட வரைவு விதிகளை நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. இதற்காக பெங்களூரு உட்பட ஐந்து ஊர்களில் உள்ள ஆய்வகங்கள் வழியே துல்லிய நேரம் வழங்குவது திட்டம். கிலோ, லிட்டர் போல நேரமும் முத்திரை குத்தி அளக்கவேண்டிய பொருளாகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

மீட்டர் திரையில் மாறி மாறி வரும் எண்களில் தேதியும் நேரமும் இருக்கும். மாதம் ஒருமுறை செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள், முடிந்தால் இரண்டும் தெரியும்படி ஒரு போட்டோ. வித்தியாசம் நிமிடக் கணக்கில் போனால் பிரிவு அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கொடுத்து, எம்.ஆர்.டி. பிரிவின் சோதனையைக் கேளுங்கள். தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். கடிகாரம் சரியாகும் வரை உலையை 6-க்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்தி, 10-க்குப் பத்து நிமிடம் பின்பு போடுவதும் நல்லது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் நுகர்வோர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. ரீடிங் எடுத்த அன்று மீட்டர் கடிகாரம் எத்தனை நொடி விலகியிருந்தது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற இரண்டு எண்களைப் பில்லிலேயே அச்சிடலாம். தலைமைக் கணினியோடு பேசும் ஸ்மார்ட் மீட்டருக்கு இது பெரிய வேலையே இல்லை. யூனிட்டுக்கு முன் ரீடிங், பின் ரீடிங் என்று இரண்டும் காட்டித்தானே காசு வாங்குகிறார்கள்? நேரத்துக்கும் அதே கணக்கைக் காட்டச் சொல்லி, மீட்டர் பொருத்துவதற்கு முன்பே கொங்கு மண்டலத் தொழில் அமைப்புகள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்க வேண்டும்.