வழக்குத் தொடுப்பது பேராசையா?

கைப்பேசி தீப்பற்றியதென்று ஒருவர் வழக்குத் தொடுத்தால், "காசு பறிக்கப் பார்க்கிறார்" என்று நகைப்போர் நம்மிடையே உண்டு. அந்த நகைப்பு நேர்மையன்று என்பேன் நான்.

2016ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் சாம்சங் நோட் 7 விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே தீப்பற்றிய செய்திகளும் வந்தன. செப்டம்பரில் 25 இலட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றாகத் தந்தவற்றிலும் சில எரிந்தன! அக்டோபரில் உற்பத்தியே நின்றது. குறை பேட்டரியில்தான் என்று 2017 ஜனவரியில் நிறுவனமே சொல்லிற்று. பேட்டரிக்குள் ஒன்றையொன்று தொடக்கூடாத இரு தகடுகள் தொட்டுக்கொண்டால் தீ. மூடிய பெட்டியை வாங்குபவர் அதை எவ்வாறு கண்டறிவார்?

"விலையைத் திருப்பித் தந்தாயிற்றே, இன்னும் என்ன?" என்பர். விலை கைப்பேசிக்கு ஈடாகும். வெந்த கைக்கு ஈடாகுமா?

குறையுள்ள பொருளால் தீங்குற்றவர் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. உரிமையைக் கேட்பது இரத்தல் அன்று.

நண்பர்களே, பொய் வழக்கைத் தள்ளுவதற்கு நீதிமன்றம் இருக்கிறது. மெய் வழக்கை நம் நகைப்பு கொன்றுவிட வேண்டா.