சோறு என்று சொல்ல நாணமா?

அண்மையில் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் திருமணப் பந்தியில் அமர்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த மூதாட்டி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு கண்ணு" என்றார். பள்ளியிற் படிக்கும் பெயர்த்தி, "அம்மிச்சி, சோறுன்னு சொல்லாதீங்க, சாதம்னு சொல்லுங்க" என்று காதோடு திருத்தினாள். முதுமகளின் முகம் சுருங்கிப் போயிற்று.

தமிழன்பர்களே! இது நிகழ்ந்தது எந்த மண்ணில்? பவானியாற்றின் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து 24,000 ஏக்கருக்கு மேல் பாயும் நெல்வயல் மண்ணில்! விளைவிப்பவன் வீட்டிலேயே சோறு நாணத்தக்க சொல்லாயிற்று!

சாதம் என்பது யாது? கோயிற் படையலைக் குறிக்கும் 'பிரசாதம்' என்னும் வடசொல், தலையிழந்து நம் அடுக்களைக்குள் நுழைந்த முண்டமே அது. தெளிவு, அருள் என்பனவே அவ்வடசொல்லின் முதற்பொருள்கள். வெந்த அரிசிக்கும் அவற்றுக்கும் என்ன உறவு? சோறோ தன் பொருளைத் தன்னுள்ளேயே தாங்கியது. கற்றாழை மடலைக் கீறுங்கள். உள்ளிருக்கும் மென்மையான சதைக்குச் சோறு என்றே பெயர்; அதனாலன்றோ அது சோற்றுக்கற்றாழை! பனை போன்ற மரங்களின் மெல்லிய உள்ளீடும் சோறே. சோற்றி என்றும் வழங்கும். புறத்தோடு நீங்கிய மென்மையான அகம் என்பதே இச்சொல்லின் உயிர் என்பது என் துணிபு. உமி நீங்கி வெந்து மலர்ந்ததற்கு இதனினும் பொருந்திய பெயர் வேறு ஏது?

பெருஞ்சோற்று உதியஞ் சேரலாதன் எனச் சேர வேந்தனுக்கே அடைமொழியான சொல் இது. மலையாளியர் இன்றும் சோறு என்றே உண்கின்றனர். ஈழத்தமிழரும் அவ்வாறே, அவர்களுக்கு எந்த நாணமும் இல்லை. கொங்கு நாட்டில் வழி கேட்டால், "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்பர். சோறுண்ணும் கையே நமக்கு வலக்கை!

ஒரு சூழ்ச்சியை நோக்குங்கள். திட்டும்போது மட்டும் 'தண்டச்சோறு'. 'தண்டச்சாதம்' என்று எவனும் வைததில்லை! இழிவுக்கு எம்சொல், விருந்துக்கு வடசொல்! பிறர் நம்மீது சுமத்திய தாழ்வை நாமே நம் பிள்ளைகளுக்குப் பாடமாகப் புகட்டுகிறோம்.

பிறசொல் கலந்தால் மொழி வளரும் என்பார் உளர். இல்லாததை இரப்பவன் ஏழை. கலம் நிறையச் சோறிருக்க இரப்பவனை என்னென்பது? அடுத்து வந்தது 'ரைஸ்'. வயலில் நிற்பதற்கும் குத்தியெடுத்ததற்கும் வெந்ததற்கும் ஆங்கிலத்தானுக்குப் பொதுவழக்கில் அந்த ஒன்றே சொல். நமக்கோ நெல், அரிசி, சோறு என மூன்று! மூன்றை விற்று ஒன்றை வாங்குவது என்ன வணிகமோ!

1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நம் கொங்கு அடுப்பிற் பிறந்த அரிசிம்பருப்பே உணவகப் பலகைகளில் 'அரிசி பருப்பு சாதம்' என்று தொங்குகிறது. அடுத்த முறை அங்கு அமரும்போது, "அரிசிம்பருப்புச் சோறு கொடுங்கள்" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். உடன் பெயர்த்தி இருந்தால் அவளையே சொல்லச் சொல்லுங்கள்.