சேறும் சாம்பலும் நஷ்டக் கணக்கா?

எட்டயபுரம் கரிசல் மண்ணின் குணம் ஊரறிந்தது. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். பருத்திக்கு நல்ல மண், ரோட்டுக்கு ஆகாத மண். கண்மாய்களில் படியும் வண்டலும் இதே ரகம்தான்.

அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம் தூத்துக்குடி. கப்பல் வர வசதியாகத் துறைமுகத்தில் தோண்டி எடுத்த சேறு ஒரு பக்கம். 1979-ல் தொடங்கி 1992-க்குள் ஐந்து அலகுகளான அனல்மின் நிலையத்தின் சாம்பல் இன்னொரு பக்கம். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான்!

இந்தச் சேற்றையும் வண்டலையும் சாம்பலோடு கலந்து கெட்டியாக்க முடியுமா? முடியும். ஆனால் இந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு, தனியாக இறுகாது. கூடவே சிமெண்டும் சுண்ணாம்பும் வேண்டும். சிமெண்ட் சில நாட்களிலேயே பிடிமானம் தரும். சுண்ணாம்பு களிமண்ணின் உப்பலைக் குறைக்கும். சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலுவைக் கூட்டும்.

இது புதுசும் இல்லை. ஜப்பானில் 2005-ல் திறந்த சூபு விமான நிலையத்துக்குக் கடலைத் தூர்க்க, தோண்டிய சேற்றில் சிமெண்ட் கலந்து பயன்படுத்தினார்கள். நம் இந்தியச் சாலைக் காங்கிரஸும் சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கொண்டு மண்ணை உறுதிப்படுத்த 2010-லேயே வழிகாட்டி நூல் போட்டுவிட்டது.

பிறகு என்ன தடை? அவசரம்தான். கான்கிரீட்டுக்குப் பழகிய 28 நாள் கணக்கை வைத்தே இதையும் எடை போடுவது, ஐந்து வருட டெபாசிட்டை முதல் மாத வட்டியை வைத்து மதிப்பிடுவது போல! சோதனையில் தேற வேண்டுமே என்று சிமெண்டைக் கூட்டுவார்கள். செலவு ஏறும். கடைசியில் பழி சாம்பல் மேல் விழும்.

செய்ய வேண்டியது இதுதான். 90, 180 நாட்களிலும் வலுவைச் சோதிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பில்லில் ஒரு பங்கை அதுவரை நிறுத்தி வைக்கலாம். மக்கிய தழையும் குப்பையும் கலந்த சேறு சரியாக இறுகாது, அதனால் ஒவ்வொரு இடத்துச் சேற்றுக்கும் தனிக் கலவை பார்க்க வேண்டும். சாம்பலில் உள்ள உலோகங்கள் நிலத்தடி நீரில் கசியாது என்று நிரூபித்த பிறகே ரோட்டில் போட வேண்டும். வயலுக்கு ஆகும் வண்டலில் முதல் உரிமை சம்சாரிக்கு, மிச்சம்தான் ரோட்டுக்கு.

"இதற்கெல்லாம் செலவாகுமே" என்பார்கள். சாம்பலையும் சேற்றையும் கொட்டி வைக்கும் நிலத்துக்கு விலை இல்லையா? அந்தச் செலவையும் பேரேட்டில் எழுதிவிட்டுப் பார்க்கட்டும், எது லாபம் என்று தெரியும்.