இருபத்தெட்டு நாளில் ஒரு மாசம்!

"அண்ணாச்சி, ஒரு நிமிஷ வேலைதான்!"

என் தொழிலில் நான் ரொம்பப் பயப்படுகிற வாக்கியம் இதுதான். வைரஸாவது சொல்லாமல் வரும். இது சிரித்துக்கொண்டே வரும். இப்படிச் சொல்கிறவர் ஜவுளிக்கடைப் பையில் ஒரு சி.பி.யூ.வைத் தூக்கி வந்து மேஜையில் 'ணங்' என்று வைப்பார். திறந்தால் உள்ளே தூசி, பல்லி முட்டை, கொஞ்சம் எறும்பு! ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருக்கும்.

பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருஷமாக ஸ்க்ரூ டிரைவர் பிடித்துச் சோறு தின்கிறவன் நான். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நெல்லையப்பர் கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை அதற்குத்தான். இன்றைக்கு அதே சாமான் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. மரியாதை போய்விட்டது, மாசச் செலவு வந்துவிட்டது.

அந்த மாசச் செலவைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

*

வருஷத்துக்கு எத்தனை மாசம்?

பன்னிரண்டு என்று சொன்னால் உங்களிடம் செல்போன் இல்லை என்று அர்த்தம். செல்போன் கம்பெனிகளின் பஞ்சாங்கத்தில் மாசத்துக்கு இருபத்தெட்டு நாள். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். பதின்மூன்று தடவை ரீசார்ஜ். சித்திரை முதல் பங்குனி வரை முடிந்தபிறகு பெயர் இல்லாத ஒரு மாசம் தனியாக வந்து வாசலில் நிற்கிறது.

2016 செப்டம்பரில் இலவச டேட்டா என்று பந்தி பரிமாறினார்கள். ஊரே இலை போட்டு உட்கார்ந்தது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ரேட்டை ஏற்றின. 239 ரூபாயாக இருந்த ஒரு பிளான் 299 ஆனது. அந்த ரேட்டில் பதின்மூன்று தடவை என்றால் 3,887 ரூபாய். மாசக் கணக்குப்படி பன்னிரண்டு தடவை போதும் என்றிருந்தால் 3,588. வீட்டில் நாலு போன் இருந்தால் அந்தப் பதின்மூன்றாவது மாசத்துக்கு மட்டும் 1,196 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, டிராய் 2022-ல் ஒரு உத்தரவு போட்டது. முப்பது நாள் பிளான் ஒன்றும், ஒவ்வொரு மாசமும் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்க வேண்டும் என்று. வைத்திருக்கிறார்கள். எங்கே என்றால், ரேஷன் கடையில் நல்ல அரிசி மூட்டை இருக்குமே, அங்கே. கேட்டால்தான் வெளியே வரும். அடுத்த முறை ரீசார்ஜ் பண்ணும்போது ஒரு தடவை தேடிப் பாருங்கள். டேட்டாவையும் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

*

எங்கள் தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் பெங்களூரிலிருந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். விலை இரண்டாயிரத்துக்கும் கீழே. நாடி பார்க்கும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும்.

சார்வாள் ஒருநாள் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "எப்பா, நாடி நூத்தி முப்பதுன்னு காட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தெட்டு. பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைத்தாரில் ஒரு பழத்தில் அந்த வாட்ச்சைக் கட்டினேன். கொஞ்சம் யோசித்தது. எண்பத்தொன்று என்றது!

"சார்வாள், ஏரல் வாழைக்கும் உயிர் இருக்கு."

அந்த வாட்ச்சுக்குக் கீழே ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. தோலில் வெளிச்சம் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துத்தான் நாடியை அனுமானம் பண்ணுகிறது. கட்டு தளர்ந்திருந்தால் தப்பு, கையை ஆட்டினால் தப்பு. மணி பார்க்கலாம், நடையை எண்ணலாம். நெஞ்சு படபடத்தால் மட்டும் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். அவர் கட்டணம் வாட்ச் விலையைவிடக் குறைவு.

*

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் ஒரு தம்பி வந்தான். வண்ணார்பேட்டையில் ஒரு பைனான்ஸ் ஆபீஸில் வேலை. சம்பளம் பதினெட்டாயிரம். சாயங்காலம் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். கையில் 2017-ல் வாங்கிய லேப்டாப்.

"அண்ணாச்சி, இது பழசாயிட்டுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுத்திரலாம்னு பாக்கேன். ஜி.எஸ்.டி.யும் கொறைஞ்சிட்டுல்லா?"

இரண்டுமே பாதி உண்மை.

முதலில் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் குறைந்தது நிஜம். ஏ.சி., பெரிய டி.வி. இதெல்லாம் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தது. லேப்டாப்பும் செல்போனும் ஏற்கெனவே 18-ல்தான் இருந்தன. அங்கேயே இருந்துவிட்டன. ஊரில் திருவிழா, நம் தெருவில் சப்பரம் வரவில்லை. அவ்வளவுதான்.

அவன் பார்த்து வைத்திருந்தது 48,000 ரூபாய் லேப்டாப். அதில் வரி மட்டும் 7,322 ரூபாய்.

"வட்டியே கிடையாது அண்ணாச்சி. மாசம் நாலாயிரம், பன்னெண்டு மாசம். ஜீரோ!"

இந்த ஜீரோவை ஆரியபட்டர் பார்த்தால் அழுதுவிடுவார். கதை எப்படி என்றால், வட்டியைப் பாங்க்காரர் போடுவார். அதே தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடி என்று கழிப்பார்கள். சரிக்குச் சரி. ஆனால், கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதை யாரும் கழிக்க மாட்டார்கள். உதாரணத்துக்கு வட்டி 3,000 என்று வையுங்கள், 540 ரூபாய் நம் தலையில். பிராஸஸிங் கட்டணம் என்று ஒன்று, அதற்கும் ஜி.எஸ்.டி. ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருப்பாரே, அதுவும் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, பதினெட்டாயிரத்தில் நாலாயிரம் போனால் மிச்சம் பதினாலாயிரம். ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புகிறது...

"கோச்சிங் பீஸ் எப்படி கட்டுவிய?"

பதில் இல்லை. பையன் கீழே பார்த்தான்.

அப்புறம் லேப்டாப் விஷயம். விண்டோஸ் பத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் கும்பிடு போட்டுவிட்டது. வேண்டுகிறவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள், ரிட்டயர் ஆன ஆபீஸருக்குக் கொடுப்பது மாதிரி. விண்டோஸ் பதினொன்று போடலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தினதை அது வாசலிலேயே நிறுத்திவிடும். இவனுடையது ஏழாம் தலைமுறை. ஒரு தலைமுறையில் சம்பந்தம் தட்டிப்போயிற்று!

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். போர்டு கல் மாதிரி இருக்கிறது. ஸ்க்ரீன் பளிச். பாட்டரி மட்டும் செத்துவிட்டது. உள்ளே பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க், நொண்டியடிக்கிறது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு உண்மை சொல்லியாக வேண்டும். அவனைப் புது லேப்டாப் கடைக்கு அழைத்துப் போயிருந்தால் எனக்குக் கமிஷன் 1,500 ரூபாய். ரிப்பேர் பார்த்தால் கூலி 400. அந்த மாசம் என் வீட்டுக்கும் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. 'புதுசே எடுத்திரும் தம்பி' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பையன் இன்னும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஸ்.எஸ்.டி. போட்டுருவோம். பாட்டரி மாத்துவோம். லினக்ஸ் ஏத்தித் தாரேன், அதுக்குக் காசு கிடையாது. நீங்க பாக்கிற பாடம், யூ டியூப், மெயில் எல்லாம் ஓடும்."

"விண்டோஸ் இல்லாமயா அண்ணாச்சி?"

"ஜன்னல் இல்லாட்டா என்ன? வாசல் இருக்குல்லா!"

மொத்தச் செலவு ஆறாயிரத்துச் சொச்சம். அதில்கூட ராம் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. 2025 கடைசியில் ராம் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. காரணம், உலகம் பூராவும் ஏ.ஐ.க்காகக் கட்டுகிற பெரிய பெரிய டேட்டா சென்டர்கள். சிப் செய்கிறவர்கள் சரக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒருத்தர் 'என் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கவிதை எழுது' என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிறார். பில் மேலப்பாளையத்துக்காரர் கட்டுகிறார்.

*

ஆறாயிரத்தையும் வாங்கிக்கொண்டு பையனிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "இதுல இருக்கிறதுக்கு வேற காப்பி வச்சிருக்கியளா?"

சிரித்தான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒருகாலத்தில் சிரித்தவன்தான்.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணிக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. குறுக்குத்துறை முருகன் வழக்கம்போல முழுகினார். வழக்கத்துக்கு மாறாகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளும் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் ஆறு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆற்றோரம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குள்ளும்தான்.

தண்ணீர் வடிந்தபிறகு ஒரு மாசம் எனக்கு இரவு பகல் வேலை. சேறு வழிகிற சி.பி.யூ.க்கள், அம்பை பதினாறு அரிசியில் புதைத்து வைத்த செல்போன்கள்! அரிசி போனுக்குள் இருக்கிற ஈரத்தை உறிஞ்சாது, தூசும் துணுக்கும்தான் உள்ளே போகும். ஆப்பிள் கம்பெனியே 2024-ல் அரிசியில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே மந்திரம்தான் சொன்னேன்: "நனைஞ்ச சாமானுக்குக் கரண்ட் கொடுக்காதீய. ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காதீய. ஆன் பண்ணிப் பாக்காதீய."

என் வீட்டுக் கம்ப்யூட்டரும் முழுகியிருந்தது. அதில் என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள். நான் கில்லாடி அல்லவா, காப்பி எடுத்து வைத்திருந்தேன்! தனி ஹார்ட் டிஸ்க். பத்திரமாக, பட்டுப் புடவைக்குள் சுற்றி, பீரோவின் கீழ்த்தட்டில். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே.

ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே வெள்ளம்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு அந்த டிஸ்க்கைத் துடைத்தேன். ஊருக்கெல்லாம் சொன்ன மந்திரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கரண்ட் கொடுத்தேன். 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம். தொழிலில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு மட்டும் வயிற்றில் கேட்டது.

டேட்டா மீட்கிற சென்னைக் கடை ஒன்றில் முப்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். 'அவ்வளவு செலவு பண்ணணுமா, யோசிச்சுச் சொல்லுங்க' என்று வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசுகிறவன் நான். வீட்டில் அவள் நகைப்பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பாதிக்கு மேல் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உள்ளது மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் மகள் யு.கே.ஜி. முடித்துவிட்டு நேராக நாலாம் வகுப்புக்குப் போகிறாள். 'டபுள் ப்ரமோஷன் ப்பா' என்கிறாள் அவள்.

*

இப்போது ஒழுங்காக இருக்கிறேன். வீட்டில் ஒரு காப்பி. இன்னொரு காப்பி சங்கரன்கோவிலில் மச்சினன் வீட்டில். ஆறு அங்கே வராது. அவன் வீட்டுக் காப்பி என் வீட்டில், மேல்தட்டில்.

இதில் ஒரு சங்கடம். ஒரு நிலத் தகராறில் எனக்கும் அவனுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தாலும் வெள்ளமே வராத வீடு சொந்தத்தில் அது ஒன்றுதான். முதல் தடவை டிஸ்க்கை நீட்டினபோது வாங்கி வைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாற்றி எடுக்கப் போய்த்தானே ஆக வேண்டும்? இப்போது ரசத்துக்கு வரும்போது அரசியல் வரை பேசுகிறோம். நிலத்துப் பக்கம் இன்னும் போகவில்லை.

பைனான்ஸ் ஆபீஸ் தம்பி அடுத்த வாரமே ஒரு பென் டிரைவோடு வந்தான். "காப்பி எடுத்தாச்சு அண்ணாச்சி. எங்க வைக்க?"

"சொந்த ஊர் எது?"

"கழுகுமலை."

"அப்ப அங்க வையும். மலைக்கு மேல தண்ணி வந்தா அப்புறம் பாத்துக்கிடுவோம்."

பையன் போகும்போது திரும்பி, "அண்ணாச்சி, ஒரு நிமிஷ வேலை..." என்றான்.

கடையைப் பூட்டிவிட்டேன்.