கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கிறது

மதிப்பிற்குரிய கெடா மாநில மந்திரி பெசார் அவர்களுக்கு,

சைக்கிள் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தாலே நம் மாநிலத்தில் எல்லார் விரலும் ஏரிப் பக்கம்தான் நீளும்: பெடு, மூடா, சீக்கில் இருக்கும் பெரிஸ். ஏரியைச் சுற்றி வண்டி வாடை இல்லாத ஒரு பாதை, ஓரத்தில் நான்கு குடில், ஒரு காப்பிக் கடை. இங்கிலாந்தில் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தைச் சுற்றி அப்படி ஒரு பாதை உண்டு. தைவானின் சூரிய சந்திர ஏரியிலும் உண்டு. ஆனால் ரட்லண்டைச் சூழ்ந்திருப்பது வயலும் ஆடு மேயும் புல்வெளியும். பெடுவையும் மூடாவையும் சூழ்ந்திருப்பது யானை நடமாடும் உலு மூடா காடு; கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றுக்கும் குழாயில் தண்ணீர் வர அந்தக் காடு நின்றாக வேண்டும். அங்கே வளையப் பாதை போட்டால் சைக்கிளுக்கு முன்னால் மண்வாரி போகும், பின்னாலேயே மர லாரியும் போகும். அதனால் நான் கேட்பது வேறு இடத்தில்: செமிலிங்கில். அங்கே ஏரி இல்லை. ஆனால் பெருக்கு நேரத்தில் ஏரியைப் போலவே அசையாமல் விரிந்து கிடக்கும் மெர்போக் ஆறு இருக்கிறது. அதன் இரு கரையிலும் ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு இருக்கிறது. முக்கியமாக, வழி இருக்கிறது. புதிதாக ஒரு மரம் வெட்ட வேண்டாம். ரப்பர் காலத்திலிருந்து தோட்டங்களுக்குள் கிடக்கும் செம்மண் சடக்குகளில் சிலவற்றைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டால் போதும். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு எளிதல்ல என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது இந்த வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இருக்கும் ஒரே வழி பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய் போகும் தார்ச்சாலை. வெள்ளி, சனிக் காலைகளில் இறுக்கமான சட்டையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு குழுவாக வருகிறவர்கள் அதில்தான் போகிறார்கள். கடைக்குப் போகும் வங்காளதேச, இந்தோனேசியத் தோட்டத் தொழிலாளரும், பள்ளிப் பிள்ளைகளும் அதிலேயேதான். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பினால் நாலைந்து உதிரிப் பழம் தாரில் விழும். அடுத்து வரும் சக்கரம் அதை நசுக்கும். ஆரஞ்சு நிறப் பிசுக்கு உருண்டு ஒதுங்கி, வெள்ளைக் கோட்டை ஒட்டியே படியும். லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும் சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது அந்தப் பிசுக்குப் படிந்த ஒரு முழ அகலம்தான். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரண்டு சக்கரத்தில் போகிறவரும் நாற்பது டன்னில் போகிறவரும் ஒரே தாரைப் பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு யார் பக்கம் விழும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. காரோட்டியைக் குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. நாடே இரண்டாகப் பிரிந்து நின்று யார் குற்றவாளி என்று வாதிட்டது. பெற்றோரைத் திட்டினார்கள், ஓட்டுநரைத் திட்டினார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் வேகமாகச் சைக்கிள் ஓட்டுவதற்கு இந்த நாட்டில் வண்டி வராத இடம் எது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எடுபடவே இல்லை. பிரித்துவிடும் யோசனை நமக்குப் புதிதும் அல்ல. 1970களின் தொடக்கத்திலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்ட நாடு இது. உலகத்திலேயே முதலாவது என்று சொல்லப்படும் தடம் அது. பிற்பாடு அதை நீட்டியபோது, நீட்டிய பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக நம் ஆய்வாளர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் கிள்ளான் பள்ளத்தாக்கில் புரிந்த கணக்கு கெடாவில் புரியாமல் போகாது.

ஆனாலும் பாதுகாப்பு ஒன்றே காரணம் என்றால் செமிலிங்கைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊரையும் சொல்லலாம். செமிலிங்கைச் சொல்வதற்குக் காரணம் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அங்கே செம்பனைக்கு நடுவே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும், துருத்தியில் பொருத்திய சுடுமண் குழாய்களையும் வண்டி வண்டியாக, பழைய ஆற்றுத்துறையின் செங்கல் கட்டடங்களையும் வெளியே கொண்டு வந்தார்கள். கெடாவின் பழந்தமிழ்ப் பெயரைக் கடாரம், கடாரம் என்று மேடைக்கு மேடை முழங்குகிற நம்மவரில் எத்தனை பேர் அங்கே போய் நின்றிருக்கிறார்கள் என்று கேட்டால் மேடை கொஞ்சம் அமைதியாகும். அதே சுங்கை பத்து தோட்டத்தில்தான் சண்டி எண் 11 என்ற பழங்கோயில் இடிபாடு இருந்தது. 1930களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் இந்த வட்டாரமான பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளை ஆராய்ந்து வரிசையாக எண் கொடுத்தாரே, அதில் பதினொன்றாவது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அது இடித்துத் தள்ளப்பட்டது. இடித்து முடித்த பிறகே, 2013 இறுதியில், செய்தி வெளியே வந்தது. நிலம் தனியார் பெயரில் இருந்தது, அரசாங்கப் பதிவில் அந்த இடம் மரபுடைமையாக ஏறவில்லை என்றெல்லாம் பிறகு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது, அந்த வழியாக யாரும் போவதில்லை என்பது. வாரம் ஐம்பது பேர் சைக்கிளில் கடந்து போகிற இடத்தில் ஆயிரம் ஆண்டுச் செங்கல்லை இயந்திரம் கொண்டு வந்து வாரியிருந்தால், முதல் நாள் மாலைக்குள் ஐம்பது கைப்பேசிகளில் படம் வந்திருக்கும். மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பார்க்கக் கண்தான் இல்லை.

தோட்ட நிர்வாகங்களின் முதல் ஆட்சேபம் திருட்டு. செம்பனைக் குலை விலை ஏறும்போதெல்லாம் குலைத் திருட்டும் ஏறும்; கேட்டும் காவலும் அதற்காகத்தான். இந்த அச்சம் நியாயமானது, தட்டிக் கழிக்க மாட்டேன். சைக்கிளை மட்டும் விட்டு மோட்டாரைத் தடுக்கிற கம்பி வளைவு என்று ஒன்று உலகத்தில் முழுசாக வேலை செய்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் கேட்பது தோட்டத்தின் உள்வரிசைகளை அல்ல, எல்லையோரச் சடக்குகளை. அதுவும் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. திருடுகிறவனுக்குக் குலையைக் கடத்த வண்டி வேண்டும், இருட்டு வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். பகலில் ஆள் போய்வரும் ஓரம் அவனுக்கு வசதியான இடம் அல்ல. இரண்டாவது ஆட்சேபம் வேலை. மருந்து அடிக்கும் நாளில், டிராக்டர் குலை இழுக்கும் நாளில் வெளியாள் உள்ளே வந்தால் ஆபத்து என்பார்கள். சரிதான். ஆனால் செம்பனையில் ஒரு துண்டில் இன்று குலை வெட்டினால் மறுபடி அங்கே கத்தி வருவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். எந்தத் துண்டில் எந்த நாள் என்று காலையில் ஆள் கூட்டும் பெரட்டிலேயே தெரியும். அந்த அட்டவணையைக் கேட்டில் ஒட்டிவிட்டு, அன்றைக்கு மட்டும் அந்தத் துண்டுப் பாதையை மூடலாம். விழுந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றாவது கேள்விக்கு, காப்புறுதியைச் சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகம் ஏற்பதே முறை. தோட்டக்காரர் வழி தருகிறார். வம்பையும் சேர்த்துத் தர வேண்டியதில்லை.

நிர்வாகங்கள் சம்மதிக்காவிட்டால்? நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பது. தேசிய நிலச் சட்டத்தின் 28ஆம் பகுதி, தனியார் நிலத்தின் ஊடே பொதுமக்களுக்கு வழியுரிமை ஏற்படுத்த நில நிர்வாகிக்கு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தை முதலில் எடுக்கச் சொல்லவில்லை. பேச்சு வார்த்தை மேசையில் அதை மடித்து வைத்திருந்தால் போதும். சிங்கப்பூரில் மலாயா இரயில்வேயின் பழைய தண்டவாள நிலம் 2011இல் கைமாறியபோது, 24 கிலோமீட்டர் நீளத்தையும் துண்டு போட்டு விற்காமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவைத்தார்கள். நிலம் தங்கத்தைவிட விலை போகும் ஊரிலேயே அது நடந்தது.

யார் வரப் போகிறார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். 1996 முதல் நம் மாநிலத் தீவின் பெயரிலேயே ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. லங்காவி பந்தயக்காரர்கள் வரும் நாளில் காவல் துறை சாலையை மூடுகிறது, மாணவர்கள் கொடி ஆட்டுகிறார்கள், இருபது வினாடியில் எல்லாரும் பறந்து போய்விடுகிறார்கள், கொடிகள் குப்பைத் தோம்புக்குப் போகின்றன. அந்தச் செலவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டை கட்டி, கூடாரம் கட்டி, நாளுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் மெதுவாகப் போகிற சுற்றுலாச் சைக்கிள்காரர் ஊருக்கு ஊர் நிறுத்தி ரொட்டி சானாய் சாப்பிடுகிறார், டியூப் வாங்குகிறார், இரவு தங்குகிறார். தாய்லாந்திலிருந்து மேற்குக் கரை வழியாகத் தெற்கே இறங்குகிறவர்கள் கெடாவைக் கடக்காமல் போக முடியாது. இப்போது நெடுஞ்சாலை ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகிறார்கள். அவர்கள் வராத நாளிலும் வழி சும்மா கிடக்காது. லயங்களை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் கோயில்கள் இன்னும் செம்பனைக்குள்தான் இருக்கின்றன. தோட்டத்தின் பெயரைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகளும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. ரப்பர்ப் பால் வாளியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு தலைமுறை ஓட்டிய அதே சடக்கில் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு எந்த வெளிநாட்டு நிபுணரும் தேவையில்லை. தார் போட வேண்டாம். சரளை போட்டு, மழைநீர் வடிய ஓரக்கான் வெட்டி, முள்ளுள்ள மட்டைகளைப் பாதையில் போடாமல் வரிசைக்குள் அடுக்கினால் டயர் தாங்கும். முதிர்ந்த செம்பனை நிழல் எந்த ஏரிக்கரை நடைபாதையிலும் கிடைக்காது.

ஆக, கேட்பது சிறியது. முதல் ஆண்டில் ஒரே ஒரு துண்டு: செமிலிங் படகுத்துறையிலிருந்து சுங்கை பத்து அகழாய்வுத் தளம் வரை. அது நிலைத்தால் மெர்போக், அங்கிருந்து ஜெராய் அடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் அருங்காட்சியகம். பெயர்ப்பலகையில் மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் சீனமும் இருக்கட்டும். எப்படி வளைத்தாலும் பாதை ஓரிடத்தில் மெர்போக் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பொதுப்பணி இலாகாவிடமிருந்து ஒரு விளக்கும் வேகத்தடையும் தேவைப்படும். எங்கே போடலாம் என்று முடிவு செய்ய அதிகாரிகளை அனுப்பும்போது விடுமுறை நாளில் அனுப்பாதீர்கள். ஆலைக்குக் குலை போகும் நாளில், பள்ளி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செமிலிங் வட்டார வாக்காளர் ஒருவர்