வீட்டுக்கு ஒரு காவற்காரன்

விருத்தாசலம் என்றதும் வெளியூரார்க்கு முதலில் நினைவு வருவது பழமலைநாதர் கோயில். அதற்கு அடுத்தபடி பீங்கான். இவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் கொலுப் பொம்மையும் அகல்விளக்கும் செய்வது போலவே, வீட்டு மின்சாரப் பலகையில் பொருத்தும் வெண்ணிறப் பியூஸ் கட்டைகளையும் செய்து வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் இத்தகைய பொருள்கள் வேகும்போது, சூளைக்கு வெளியே மனிதர் அச்சமின்றி நடமாடுகிறார்கள். காரணம், தீச்செங்கற் சுவர் அந்நெருப்புக்கு எல்லை கட்டியிருக்கிறது. எல்லைக்குள் இருக்குமட்டும் தீ நமக்கு ஊழியன். எல்லை கடந்தாலோ எமன். நம் வீட்டுத் தீக்கு எல்லை எது என்று இல்லறத்தார் எண்ணிப் பார்ப்பதுண்டா?

நாமும் எண்ணிப் பாராதவர்தாம். ஒரு கோடை இரவில் நம் வீட்டுப் பியூஸ் போயிற்று. மெல்லிய கம்பியைக் கட்டினோம், மறுபடியும் போயிற்று. புழுக்கமும் பொறுமையின்மையும் சேர்ந்துகொள்ள, பழைய ஒயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டு, விளக்கு எரிந்ததைக் கண்டு நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம். பின்னிரவில் இல்லாள் எழுப்பி, “ஏதோ கருகுகிற வாசனை வருகிறதே!” என்றாள். பழுதுபட்ட ஏர் கூலர் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்ததால், சுவரிலிருந்த பிளக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழ தூரத்தில் திரைச்சீலை. அதன் அடியில் உறங்கும் குழந்தைகள். மெயினை அணைத்த கை நெடுநேரம் நடுங்கிற்று.

பியூஸ் கம்பியின் தர்மம், தான் உருகி வீட்டைக் காப்பது. அது இரண்டு முறை எச்சரித்தது. நாமோ குற்றத்தைத் தேடாமல் காவற்காரனைக் கட்டிப்போட்டோம். இக்காலத்தில் பல வீடுகளில் அதற்குப் பதிலாக, தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விசை வந்திருக்கிறது. அதுவும் அடிக்கடி விழுமானால், மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவது பரிகாரமன்று; மின்பணியாளரை அழைத்துக் காரணம் காண்பதே பரிகாரம்.

மின்சாரத்துக்குச் சொன்னது அடுப்புக்கும் பொருந்தும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியில், மதிய உணவு சமைத்த கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை வகுப்பின் மீது சரிந்தது; மாடியிலிருந்து இறங்கும் வழியோ குறுகியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அந்நாளை எண்ணாமல் வகுப்பில் நுழைவதில்லை. அடுப்புக்கும் கூரைக்கும் இடையே எல்லை இல்லை. குழந்தைகளுக்கு விரிந்த வழியும் இல்லை. நம் தாலுகாவில் கீற்று வேய்ந்த குடிசைகள் இன்னும் உள்ளன. அங்கெல்லாம் அடுப்பைக் கூரை தாழ்ந்த ஓரத்தில் வைத்தலாகாது. தணலை நீர் தெளித்து அவித்த பின்னரே படுக்கச் செல்ல வேண்டும்.

காஸ் அடுப்பு உள்ளோர் கவனிக்க: அந்த வாயு காற்றினும் கனமானது, தரையோடு படரும். நாற்றம் தெரிந்தால் விளக்கு விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் நீர் ஊற்றுவது தீயை வீடெங்கும் தெளிப்பதாகும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். சமைக்கையில் நைலான், பாலியெஸ்டர் சேலைகள் வேண்டா. அவை உருகி உடலோடு ஒட்டும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். சுட்ட புண்ணுக்கு மையும் பற்பசையும் மருந்தல்ல. குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விட்டு, மருத்துவரிடம் செல்க. தீயணைப்பு நிலையத்தின் எண் 101 என்பதைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொன்று: இரவில் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை எங்கோ ஒளித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. திருடனுக்கு அஞ்சி நம்மை நாமே சிறைவைத்துக் கொள்ளலாமா? சாவி இருக்கும் இடம் பாட்டி முதல் பேரன் வரை யாவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சுதேசிப் பொருளை வாங்குவது தேசத் தொண்டுதான். ஆனால், நம்மவர் சூளையருகே வியர்வை சிந்திச் செய்த பியூஸ் கட்டையில் முறுக்குக் கம்பியைச் சொருகினால், அவர் உழைப்பையும் அவமதித்தோம், நம் மக்களையும் ஆபத்தில் வைத்தோம். இன்று மாலை விளக்கேற்றுமுன், மெயினை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் காவற்காரனை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கைப்பழக்கம் இல்லாதோர் மின்பணியாளரைக் கொண்டு பார்க்கட்டும்.